வீட்டிலேயே ஓர் அலைத்தொட்டி: அலைமுகப்பைக் கண்ணால் பார்த்து அளக்க வழிகாட்டி

பிளஸ் டூ இயற்பியலில் அலை ஒளியியல் பாடம் வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வரியை மனப்பாடம் செய்கிறார்கள்: ஒரே கட்டத்தில் அதிரும் புள்ளிகளை இணைக்கும் பரப்பே அலைமுகப்பு. வரி சரிதான். ஒரே கட்டம் என்றால் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குவது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அலைமுகப்பை யாரும் பார்த்ததில்லை. அதனால் ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் படம் வரையும்போது எந்தக் கோடு அலை, எந்தக் கோடு கதிர் என்றே பலருக்குப் புரிவதில்லை.

தண்ணீரில் இதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். அடியில் கண்ணாடி போட்ட ஆழமில்லாத ஒரு தட்டு, மேலே ஒரு விளக்கு, கீழே ஒரு வெள்ளைத்தாள், அவ்வளவுதான் கருவி. ஆய்வகங்களுக்கென்று விற்பது பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. வீட்டில் செய்தால் ஆயிரத்துக்குள் முடியும். செய்முறைகள் இணையத்தில் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் முக்கால்வாசி அலையை உண்டாக்கும் மோட்டாரைப் பற்றியே பேசுகின்றன. உண்மையில் உயிரை வாங்குவது மோட்டார் இல்லை. வெளிச்சமும் ஓரமும்தான். அதனால் அவை இரண்டையும் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. நேரத்தை முதலில் ஒதுக்குங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் செய்பவர்கள் அதற்கு முதல் நாள் மாலை தொடங்கினால் நடக்காது. தட்டின் ஓரத்தை அடைக்கும் சிலிகான் காய ஒரு நாள் முழுதாக வேண்டும். அப்புறம் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று ஓர் இரவு விட்டுப் பார்க்க வேண்டும். ஒழுகினால் துடைத்து, காயவைத்து, மறுபடி பூச இன்னொரு நாள். சோதனைகளை இருட்டில்தான் செய்ய முடியும் என்பதால் பகல் நேரம் கணக்கில் வராது. சனிக்கிழமை காலை தட்டு, ஞாயிறு காலை தண்ணீர், திங்கள் இரவு முதல் அலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுத்து நோட்டில் ஏற்ற இன்னும் இரண்டு இரவுகள். ஆக, ஒரு வாரம் கையில் இருந்தால் நிம்மதி.

2. வாங்க வேண்டியவையும் செலவும்

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கீழே இருப்பவை தோராயமானவை.

கண்ணாடி: 60 செ.மீ.க்கு 45 செ.மீ., 5 மி.மீ. தடிமன். கண்ணாடிக் கடையில் வெட்டி விளிம்பைத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தேய்க்காத விளிம்பு கையைக் கிழித்துவிடும். 300 ரூபாய்க்குள் முடியும். கூடவே 25 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவில் அதே 5 மி.மீ. கண்ணாடியில் ஒரு துண்டும் கேளுங்கள். வெட்டும்போது மிஞ்சும் துண்டிலேயே கிடைத்துவிடும். பின்னால் ஒளிவிலகல் சோதனைக்கு அது வேண்டும்.

சட்டம்: கண்ணாடியின் நான்கு பக்கமும் 3 செ.மீ. உயரத்துக்கு மரச்சட்டம் அல்லது அலுமினியப் பட்டை. போட்டோ ஃபிரேம் போடும் கடையில் சொன்னாலே செய்து கொடுப்பார்கள். சுமார் 200 ரூபாய்.

சிலிகான் டியூப்: சுமார் 200 ரூபாய். பாதிதான் செலவாகும். மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மோட்டார்: கடையில் கிடைக்கும் பொம்மை மோட்டார் வினாடிக்கு நூறு சுற்றுக்கும் மேல் பறக்கும். நமக்கு வேண்டியது வினாடிக்கு 8 முதல் 20 சுற்றுதான். பொம்மை மோட்டாரை அவ்வளவு மெதுவாக ஓட்டினால் திக்கித் திக்கி நின்றுவிடும். பழைய டிவிடி பிளேயரில் வட்டைச் சுழற்றும் மோட்டாரைத் தேடுங்கள். அதன் வேலையே ஏறத்தாழ இந்த வேகத்தில் சீராகச் சுற்றுவதுதான். பழுதான பிளேயர் பழைய சாமான் கடையில் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மோட்டாரும் சின்ன வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்த்து 150 முதல் 200 ரூபாய் ஆகும். மின்சாரத்துக்கு நான்கு ஏஏ பேட்டரிகள் போதும். தண்ணீருக்குப் பக்கத்தில் வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம்.

மற்றவை எல்லாம் சில்லறைச் செலவு: ஒரு மர அளவுகோல், நாலைந்து ரப்பர் பேண்டுகள், இரண்டு மணிகள், ஸ்பாஞ்சுத் துண்டுகள், ஹார்ட்வேர் கடையில் ஓர் அடி அலுமினியக் கோணப்பட்டை.

எச்சரிக்கை: கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு போடலாம் என்று கடைக்காரர் சொல்வார். எடை குறைவு, உடையாது, உண்மைதான். ஆனால் மெல்லிய அக்ரிலிக் தண்ணீர்ப் பாரத்தில் நடுவில் தொய்யும். நாம் ஊற்றப்போவதே 7 மி.மீ. தண்ணீர். நடுவில் 2 மி.மீ. தொய்ந்தால் ஆழம் இடத்துக்கு இடம் மாறும், அலைமுகப்பு நேராக வராது. மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் கண்ணாடியைத் தூக்குவது தொல்லைதான், இருந்தாலும் கண்ணாடியே நல்லது.

3. தட்டைச் செய்து மட்டம் பார்ப்பது

சட்டத்தைக் கண்ணாடியில் ஒட்டி உள் ஓரம் முழுக்கச் சிலிகான் பூசி, விரலை நனைத்து ஒரே இழுப்பில் தடவிவிடுங்கள். அறையில் வினிகர் வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

காய்ந்த பிறகு ஒரே உயரமுள்ள இரண்டு ஸ்டூல்களின் மேல் தட்டை வையுங்கள். தரைக்கும் தட்டுக்கும் இடையே சுமார் 40 செ.மீ. இருக்கட்டும். தரையில் வெள்ளைச் சார்ட் தாளை விரியுங்கள்.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலையில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு நான்கு மூலையிலும் அளவுகோலை நிறுத்தி ஆழம் பாருங்கள். ஆழம் கூடுதலாக இருக்கும் மூலைக்குக் கீழே மடித்த காகிதத்தைச் செருகினால் போதும். நான்கு மூலைக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது.

எவ்வளவு தண்ணீர்? 60 செ.மீ.க்கு 45 செ.மீ. தட்டில் 7 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால் 1.9 லிட்டர். சமையலறை அளவுக் குவளையால் அளந்து ஊற்றுங்கள். அளவுகோலைத் தண்ணீரில் நட்டுப் பார்ப்பதைவிட இது துல்லியமானது; அளவுகோலின் மேல் தண்ணீர் ஏறி நிற்பதால் அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகுவது சாதாரணம்.

ஏன் 7 மி.மீ.? காரணம் இருக்கிறது. நீளமான அலைகளைப் புவியீர்ப்பு நடத்துகிறது, குட்டையான அலைகளைப் பரப்பு இழுவிசை நடத்துகிறது. இரண்டும் சேர்வதால் தண்ணீரில் அலையின் வேகம் பொதுவாக அலைநீளத்துக்கு ஏற்ப மாறும். ஆனால் 7 மி.மீ. ஆழத்தில், 8 முதல் 20 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை அலைகள்) வரை, வேகம் வினாடிக்கு 23 முதல் 24 செ.மீ.க்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதிர்வெண்ணை மாற்றினாலும் ஊடகத்தில் வேகம் மாறாது என்று பாடம் சொல்வதை அப்படியே காட்டலாம். 40 ஹெர்ட்ஸுக்குப் போனால் வேகம் 28 செ.மீ.யை நெருங்கிவிடும். அதைப் பார்த்து அளவு தப்பு என்று பதற வேண்டாம், தண்ணீரின் இயல்பே அது. கண்காட்சிக்கு வரும் நடுவர் யாராவது நோண்டிக் கேட்டால் சொல்ல இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

4. வெளிச்சம்

தாளில் நாம் பார்ப்பது அலையை இல்லை, அதன் நிழலை. ஒவ்வொரு முகடும் ஒரு குவிவில்லையாகி ஒளியைக் குவிக்கிறது. ஒவ்வொரு அகடும் ஒளியைப் பரப்பிவிடுகிறது. அதனால் தாளில் வெளிச்சப் பட்டை, இருட்டுப் பட்டை என்று மாறி மாறி வரும். ஒரு வெளிச்சப் பட்டை என்பது ஒரு முகட்டின் நிழல். அதாவது ஓர் அலைமுகப்பு.

இது தெளிவாக விழ வேண்டுமானால் ஒளி ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். டியூப்லைட், பெரிய எல்இடி பல்பு, மேசை விளக்கு எதுவும் ஆகாது. பட்டைகள் கலங்கிப்போகும். கைபேசியின் டார்ச் மிக நல்லது. ஆனால் சில கைபேசிகளில் அருகருகே இரண்டு விளக்குகள் இருக்கும். அப்படியானால் ஒவ்வொரு பட்டையும் இரட்டையாக விழும், எண்ணும்போது தலை சுற்றும். ஒன்றைக் கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள். கை டார்ச் என்றால் முன்னால் இருக்கும் லென்ஸையும் உள்ளே பளபளக்கும் கிண்ணத்தையும் கழற்றிவிட்டு வெறும் விளக்கை மட்டும் பயன்படுத்துங்கள்.

விளக்கு தண்ணீருக்கு நேர் மேலே, சுமார் 60 செ.மீ. உயரத்தில். சாய்ந்தால் பட்டைகள் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் விழும்.

வீடியோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. வீட்டு மின்சாரத்தில் எரியும் விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஸ்லோமோஷனில் படம் முழுக்கத் துடிக்கும். பேட்டரி விளக்குதான் சரி. அதையும் முழு வெளிச்சத்தில் வையுங்கள். சில டார்ச்சுகள் மங்கலான நிலையில் வேகமாக அணைந்து அணைந்து எரியும்.

5. ஓரம்

மோட்டார் ஓடுகிறது, வெளிச்சம் பிரமாதம், ஆனாலும் தாளில் கட்டம் கட்டமாகக் குழப்பம் மட்டும் தெரிகிறது என்றால் குற்றவாளி ஓரம்தான். அலை சட்டத்தில் மோதித் திரும்பி வந்து, போகும் அலையோடு கலக்கிறது. சில சமயம் நகராமல் நிற்கும் பட்டைகள் தெரியும், அதுவும் சரியாகப் பாதி அலைநீள இடைவெளியில். அதை அலைநீளம் என்று அளந்துவிட்டால் எல்லாக் கணக்கும் பாதியாகிவிடும்.

கடற்கரை என்ன செய்கிறது? சரிவில் அலையை ஏறவிட்டு அதன் சக்தியைத் தின்றுவிடுகிறது. நாமும் அதையே செய்ய வேண்டும். ஸ்பாஞ்சை 4 செ.மீ. அகலப் பட்டைகளாக, ஒரு பக்கம் சரிவாக வரும்படி வெட்டி, சரிவு உள்நோக்கி இருக்கும்படி நான்கு ஓரத்திலும் வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் கட்டுத்துணியை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து ஓரத்தில் தொங்கவிட்டாலும் வேலை செய்யும். ஸ்பாஞ்சை முதலில் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும். காய்ந்ததை வைத்தால் தொட்டித் தண்ணீரைக் குடித்துவிடும், நீங்கள் குவளையால் அளந்து ஊற்றிய 7 மி.மீ. போன இடம் தெரியாது.

சோதித்துப் பார்க்க எளிய வழி: பென்சில் முனையால் நடுவில் ஒரு தட்டு தட்டுங்கள். ஒரு வட்டம் விரிந்து ஓரத்துக்குப் போகும். திரும்பி வரும் வட்டம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஓரம் தயார்.

அப்புறம் மின்விசிறியை நிறுத்துங்கள். அறையில் விசிறி ஓடினால் மோட்டாரைப் போடும் முன்பே தண்ணீர் நடுங்கிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் இது தண்டனைதான், ஆனால் வேறு வழியில்லை.

தட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவினால் நன்றாக அலசுங்கள். சோப்பும் எண்ணெயும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும், சின்ன அலைகள் பாதி வழியிலேயே செத்துவிடும்.

6. அலையை உண்டாக்குவது

அளவுகோலின் மேல் நடுவில் மோட்டாரைக் கட்டி, அதன் அச்சில் ஒரு பக்கமாகக் கனம் வரும்படி சின்ன நட்டு ஒன்றை ஒட்டுங்கள். அளவுகோலை இரண்டு ரப்பர் பேண்டுகளால் ஒரு குறுக்குக் கம்பியிலிருந்து தொங்கவிடுங்கள். மோட்டார் சுற்றும்போது ஒரு பக்கக் கனத்தால் அளவுகோல் குலுங்கும், ஒரு சுற்றுக்கு ஓர் அலை. குறுக்குக் கம்பி தட்டைத் தொடக் கூடாது. தொட்டால் தட்டே நடுங்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் அலை வரும். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு அதன் மேல் வையுங்கள்.

நேரான அலைமுகப்பு வேண்டுமா? அளவுகோலின் விளிம்பு முழு நீளத்துக்கும் தண்ணீரை லேசாகத் தொடட்டும். வட்ட அலைமுகப்பு வேண்டுமா? அளவுகோலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, வளைந்த கம்பியில் ஒரு மணியைக் கோத்து அது மட்டும் தொடும்படி செய்யுங்கள். ஆழமாக முக்காதீர்கள். தொட்டும் தொடாமலும் இருந்தால்தான் அலை சுத்தமாக வரும்.

7. அளப்பது: மூன்று எண்கள்

முதல் எண் உருப்பெருக்கம். தாளில் விழும் நிழல் உண்மையான அலையைவிடப் பெரியது. விளக்கு தண்ணீருக்கு மேல் 60 செ.மீ., தாள் தண்ணீருக்குக் கீழ் 40 செ.மீ. என்றால் பெருக்கம் 100-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 1.67. கணக்கை மட்டும் நம்பாமல், 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய கறுப்புத் தாளைக் கண்ணாடியின் அடிப்பக்கம் ஒட்டி அதன் நிழலை அளந்து சரிபாருங்கள். விளக்கை நகர்த்தினால் மறுபடி அளக்க வேண்டும். வேகம் ஏதோ 40 செ.மீ. பக்கத்தில் வருகிறது என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது அலைநீளம். ஒரு பட்டையை அளக்காதீர்கள். பத்து அலைகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். முதல் பட்டையைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்க வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் பத்துப் பட்டைக்கு நடுவில் ஒன்பது அலைதான் இருக்கும்.

மூன்றாவது அதிர்வெண். கைபேசி ஸ்லோமோஷனில் வினாடிக்கு 240 சட்டகம் (ஃபிரேம்) எடுக்கும் என்றால், தாளில் ஒரு புள்ளி வைத்து அதைப் பத்து அலைகள் கடக்க எத்தனை சட்டகம் ஆகிறது என்று எண்ணுங்கள். 240 சட்டகம் ஆனால் ஒரு வினாடி, அதாவது 10 ஹெர்ட்ஸ். 160 ஆனால் 15 ஹெர்ட்ஸ். சில கைபேசிகள் 240 என்று சொல்லிவிட்டு இடைச் சட்டகங்களைத் தாமே கற்பனை செய்து நிரப்பும். இன்னொரு கைபேசியில் ஓடும் ஸ்டாப்வாட்சை ஒரு முறை படம்பிடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

சாதாரண வீடியோவை நம்பி அளக்கவே வேண்டாம். அது வினாடிக்கு 30 சட்டகம். அலையும் 30 ஹெர்ட்ஸாக இருந்தால் படத்தில் அலை உறைந்து நிற்கும். 29 ஆனால் மோட்டாரை நோக்கிப் பின்னால் நடக்கும். வேடிக்கைக்கு நன்றாக இருக்கும், கண்காட்சிக்கு வருபவர்களிடம் காட்டலாம். அளவுக்கு உதவாது.

ஒரு மாதிரிக் கணக்கு: அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ். தாளில் பத்து அலைகளின் நீளம் 38.5 செ.மீ. பெருக்கத்தால் வகுத்தால் 23.1. ஓர் அலைநீளம் 2.31 செ.மீ. பத்தால் பெருக்கினால் வேகம் வினாடிக்கு 23.1 செ.மீ. உங்களுக்கு 22-க்கும் 25-க்கும் நடுவில் வந்தால் தைரியமாக நோட்டில் ஏற்றுங்கள். 8 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 3 செ.மீ., 15-இல் 1.5, 20-இல் 1.2 வர வேண்டும்.

8. செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

கதிரும் அலைமுகப்பும். மணியை வைத்து வட்ட அலை எழுப்புங்கள். வீடியோவை ஓர் இடத்தில் நிறுத்தி, திரையின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பட்டைகளைப் பென்சிலால் படியெடுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் செங்குத்தாகக் கோடு போட்டால் எல்லாக் கோடும் மணியில் போய்ச் சேரும். அவைதாம் கதிர்கள். நேரான அலைக்கும் இதையே செய்தால் கதிர்கள் இணையாக வரும். புத்தகத்துப் படத்தில் இருந்த குழப்பம் இத்தோடு போய்விடும், மூலத்திலிருந்து வெகுதூரம் போன வட்ட அலை ஏன் நேராகத் தெரிகிறது என்பதும் அதே தாளிலேயே விளங்கும்.

எதிரொளிப்பு. கோணப்பட்டையை அலைக்குச் சாய்வாக நிறுத்துங்கள். படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம். இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். நேரம் இருந்தால் தோட்டத்து ரப்பர் குழாயை 20 செ.மீ. ஆர வில்லாக வளைத்து வையுங்கள். நேரான அலைமுகப்பு அதில் பட்டு வட்டமாகி, ஏறத்தாழ 10 செ.மீ. தூரத்தில் குவிந்து, மறுபடி விரியும். இரண்டு நிமிடப் பார்வையில் குழியாடியின் குவியம் மனதில் பதியும்.

ஒளிவிலகல். பெரும்பாலோர் தோற்கும் இடம் இது. தண்ணீருக்கு அடியில் கண்ணாடித் துண்டைப் போட்டால் அங்கே ஆழம் குறையும், அலை மெதுவாகும், அலைமுகப்பு திரும்பும் என்று புத்தகம் சொல்கிறது. போட்டுப் பார்த்தால் ஒன்றும் திரும்பாது. ஏனென்றால் 3 மி.மீ., 4 மி.மீ. ஆழமெல்லாம் இந்தச் சின்ன அலைக்குப் பெரிதாக உறைப்பதில்லை. துண்டின் மேல் 1.5 மி.மீ. தண்ணீர்தான் இருக்க வேண்டும், அதிர்வெண்ணும் குறைவாக இருக்க வேண்டும். துண்டு 5 மி.மீ. என்பதால் தொட்டியின் ஆழத்தை 6.5 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். 1.9 லிட்டரிலிருந்து சுமார் 150 மில்லியை எடுத்தால் சரியாக இருக்கும். துண்டு தண்ணீரில் மூழ்கி மட்டத்தை உயர்த்தும் என்பதால் அதன் கன அளவான 250 மில்லியையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

இப்போது 10 ஹெர்ட்ஸில், ஆழப் பகுதியில் 2.3 செ.மீ. இருக்கும் அலைநீளம் துண்டின் மேல் 1.7 செ.மீ. ஆகும். துண்டின் விளிம்பை 45 பாகை சாய்த்து வைத்தால் அலைமுகப்பு 31, 32 பாகைக்குத் திரும்பும். அதிர்வெண் இரண்டு பக்கமும் ஒன்றேதான், ஸ்லோமோஷனில் எண்ணிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். துண்டின் மேல் அலை சீக்கிரம் மங்கும், முதல் நாலைந்து பட்டைகளை மட்டும் அளங்கள். தண்ணீர் துண்டின் மேல் பரவாமல் முத்து முத்தாக நின்றால் துண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று பொருள். எடுத்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

மெரினாவில் நின்று பார்த்தால் அலைகள் எல்லாம் ஏறத்தாழக் கரைக்கு இணையாகவே வந்து விழுவதற்கும் இதுவே காரணம். ஆழ்கடலில் எந்தத் திசையில் கிளம்பினாலும், கரைப்பக்கம் முதலில் ஆழமற்ற இடத்தை அடையும் முனை மெதுவாகி, மற்ற முனை முன்னேறி, அலைமுகப்பு கரையை நோக்கித் திரும்பிவிடுகிறது.

விளிம்பு விளைவு. தொட்டியைப் பழையபடி 7 மி.மீ.க்குக் கொண்டுவந்து, இரண்டு கோணப்பட்டைத் துண்டுகளை ஒரே வரிசையில் வைத்து நடுவில் இடைவெளி விடுங்கள். 10 செ.மீ. இடைவெளியில் நேரான அலைமுகப்பு நேராகவே போகும், ஓரங்களில் மட்டும் கொஞ்சம் சுருளும். மெதுவாக இடைவெளியைக் குறைத்து 2 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பக்கம் அரைவட்டங்கள் கிளம்பும். அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதிய மூலம் என்ற ஹைகென்ஸ் தத்துவம் கண்முன் நடப்பது இங்கேதான். ஒரே ஒரு புள்ளியை மட்டும் மிச்சம் வைத்தால் அது எழுப்பும் சிற்றலை தனியே தெரிகிறது. பல புள்ளிகள் சேர்ந்திருந்தால் அவற்றின் பொதுத் தொடுகோடு நேர்கோடாகிவிடுகிறது. இந்தச் சோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள், இடைவெளியைக் குறைக்கும் ஒவ்வொரு நிலையிலும் படம் எடுங்கள்.

பட்டைகளை எடுத்துவிட்டு நடுவில் ஒரு தட்டையான கல்லை மட்டும் வைத்தால் அலை அதைச் சுற்றி வளைந்து பின்னால் போவது தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை சுமத்ராப் பக்கமிருந்து கிளம்பியபோது கேரளக் கரை இலங்கையின் மறைவில்தான் இருந்தது. இருந்தும் கொல்லம், ஆலப்புழை மாவட்டங்களில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. தீவையும் குமரிமுனையையும் சுற்றி அலைமுகப்பு வளைந்து வந்ததே காரணம்.

குறுக்கீட்டு விளைவு. ஒரே அளவுகோலில் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு மணிகள். ஒரே மோட்டாரில் ஆடுவதால் இரண்டும் எப்போதும் ஒரே கட்டத்தில் இருக்கும். தனித்தனி மோட்டார் வைத்தால் இந்தச் சோதனை நடக்காது. 10 ஹெர்ட்ஸில் தண்ணீர் அசையாமல் கிடக்கும் கோடுகள் நான்கு தெரிய வேண்டும், பக்கத்துக்கு இரண்டாக. பாதை வேறுபாடு (இரண்டு மணிகளிலிருந்தும் உள்ள தூரங்களின் வித்தியாசம்) அரை அலைநீளம் ஆகும் இடம் ஒன்று, ஒன்றரை ஆகும் இடம் ஒன்று. இரண்டரைக்கு 5 செ.மீ. போதாது. அதிர்வெண்ணை ஏற்றினால் கோடுகள் கூடும். வேறு அளவே எடுக்காமல், கோடுகளை எண்ணியே அலைநீளத்தைத் தோராயமாகச் சரிபார்க்க இது உதவும்.

9. நோட்டும் காகிதங்களும்

ஒவ்வொரு சோதனைக்கும் ஐந்து விஷயங்களை அப்போதே எழுதிவிடுங்கள்: தண்ணீரின் ஆழம், விளக்கின் உயரம், தாளின் தூரம், அதிர்வெண், தாளில் அளந்த நீளம். படம் எடுக்கும்போது சட்டகத்துக்குள் ஓர் அளவுகோலும், சோதனையின் பெயர் எழுதிய துண்டுச் சீட்டும் இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து ஐம்பது படங்களில் எது எது என்று தேடுவது பெரிய கொடுமை.

அட்டவணையோடு ஒரு வரைபடமும் போடுங்கள். அதிர்வெண்ணின் தலைகீழியைக் கிடையாகவும் அலைநீளத்தை நிலையாகவும் குறித்தால் ஏறத்தாழ நேர்கோடு வரும், அதன் சாய்வுதான் வேகம். 8 முதல் 20 ஹெர்ட்ஸ் வரை ஐந்து புள்ளிகள் போதும்.

கண்காட்சிக்கு என்றால் பொதுவாகப் பொருள் பட்டியல், செலவு, தத்துவம் ஆகிய மூன்றும் ஒரு பக்கத்தில் கேட்பார்கள். வாங்கிய பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். அங்கே இருட்டான மூலை கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள்; வெளிச்சமான வராந்தாவில் இடம் ஒதுக்கிவிட்டால், மூன்று பக்கமும் மூடிய அட்டைப்பெட்டிக்குள் தாளை வைத்து ஒரு பக்கமாக எட்டிப் பார்க்க வைக்க வேண்டியிருக்கும். தட்டைத் தண்ணீரோடு தூக்காதீர்கள். ஆட்டோவில் கொண்டுபோவதானால் பழைய போர்வையில் சுற்றி, படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

10. முடிந்த பிறகு

தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி வாளியில் இறக்குங்கள். அடுத்த வாரமும் வேண்டும் என்று தட்டில் அப்படியே விட்டுவைத்தால் டெங்கு கொசு அதில் குடும்பம் நடத்தும். ஸ்பாஞ்சைப் பிழிந்து வெயிலில் போடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் கண்ணாடியில் வெள்ளைக் கறை படியும், கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

தட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த வருடம் வேறொரு பிள்ளை கேட்டு வரும்.